பின்புற எண்ணிலிருந்து போர்வீரர் வரை: சோவியத் பதக்கங்களைச் சேகரிப்பதும் ஆராய்வதும்

ஐரோப்பிய இணைய ஏலம் ஒன்றில் சேர்த்து வாங்கிய இரண்டு சோவியத் விருதுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, பின்புறத்தில் ஏழு இலக்க எண் பொறித்த செந்நட்சத்திர ஆர்டர் (ஆர்டர் என்பது பதக்கத்துக்கு மேற்பட்ட விருது வகை). மற்றொன்று, ஸ்டாலினின் பக்கவாட்டு முகம் கொண்ட 'ஜெர்மனி மீதான வெற்றி'ப் பதக்கம். இவற்றைப் பெற்ற வீரர் யார் என்று கண்டறிய முடியுமா, இத்துறையில் தொடர்ந்து சேகரிப்பதானால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். செந்நட்சத்திரத்தைப் பொறுத்தவரை முடியும். ஆனால் காலம், பணம், கொஞ்சம் அதிர்ஷ்டம் ஆகிய மூன்றும் கூடிவர வேண்டும். வெற்றிப் பதக்கத்தைப் பொறுத்தவரை, அதனுடன் வழங்கப்பட்ட சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் முடியவே முடியாது. இரண்டும் ஒரே வீரருடையவை என்று விற்றவர் சொல்லியிருந்தால், அதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சோவியத் விருது முறையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏறக்குறைய எல்லா ஆர்டர்களிலும் வரிசை எண் உண்டு. பதக்கங்களில் எண் பொறிக்கப்பட்டவை மிகச் சில. 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டத்துடன் அளிக்கப்பட்ட தங்க நட்சத்திரமும், 1938 அக்டோபர் 17 அன்று ஏற்படுத்தப்பட்ட 'தீரத்திற்காக', 'போர்ச் சேவைக்காக' என்ற இரு வெள்ளிப் பதக்கங்களும் அவற்றில் முக்கியமானவை. பின்னிரண்டிலும்கூடப் போருக்குப் பிந்தைய வார்ப்புகளில் எண் இருக்காது. லெனின்கிராத், ஒடெசா, செவஸ்தோபல், ஸ்டாலின்கிராத் ஆகிய நகரங்களின் பாதுகாப்புக்காக 1942 டிசம்பரில் ஏற்படுத்தப்பட்ட பதக்கங்கள், பெர்லின், புடாபெஸ்ட், கோனிக்ஸ்பெர்க், வியன்னா போன்ற நகரங்களுக்காக 1945 ஜூனில் ஏற்படுத்தப்பட்டவை, உங்களிடம் உள்ள வெற்றிப் பதக்கம் ஆகிய எதிலும் எண் கிடையாது. வெற்றிப் பதக்கம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேருக்கு வழங்கப்பட்டது. அந்த ஒன்றரைக் கோடியில் ஒன்றை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்ட உலோகத்தில் எந்த அடையாளமும் இல்லை. சான்றிதழ் இருந்தால் பெயரும், வழங்கிய அமைப்பும், தேதியும் கிடைக்கும். ஆனால் எந்தச் சான்றிதழையும் எந்தப் பதக்கத்துடனும் சேர்த்து விற்கலாம் என்பதால் அந்தப் பெயர் சான்றிதழுக்குத்தான் உரியதே தவிர, உங்கள் கையில் உள்ள பித்தளைக்கு உரியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி உங்கள் செந்நட்சத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்புறத்தில் சிவப்பு எனாமல் பூசிய ஐந்து முனைகளும், நடுவே துப்பாக்கி ஏந்திய செஞ்சேனை வீரரும், அவரைச் சுற்றி 'உலகத் தொழிலாளர்களே, ஒன்றுசேருங்கள்' என்ற ரஷ்ய வாசகமும் இருக்கும். எதிரெதிர் முனைகளுக்கிடையே 47 முதல் 50 மில்லிமீட்டர் அகலம். பின்புறம் சற்றே குழிவாக இருக்கும். நடுவில் சட்டையைத் துளைத்துப் பொருத்துவதற்கான திருகு, அதில் ஏறும் வட்டத் தட்டு, நாணயச் சாலையின் பெயர், அதன் கீழே எண். இந்த எண் அச்சில் வார்க்கப்பட்டது அன்று, தனியாகப் பொறிக்கப்பட்டது. உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு இலக்கத்தின் கோடும் எங்கே தொடங்குகிறது, எங்கே அழுத்தம் குறைகிறது என்பது தெரியும். எண்ணைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பின் நிறமும் மணற்தன்மையும் பின்புறத்தின் மற்றப் பகுதிகளுடன் ஒத்திருக்க வேண்டும். எண் இருக்கும் இடம் மட்டும் சற்றுத் தாழ்ந்தோ, மெருகேறியோ, கீறல்கள் ஒரே திசையில் ஓடியோ காணப்பட்டால், பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்திருக்கிறார்கள் என்று பொருள். சாதாரண வீரர் ஒருவரின் எண்ணை அழித்து, பெயர்பெற்ற ஒருவருடைய எண்ணை இடுவது போலிக்காரர்களின் பழைய தொழில். எண்ணுக்குப் பின் ரஷ்ய மொழியின் 'தெ' எழுத்து பொறிக்கப்பட்டிருந்தால் பதற வேண்டாம். அது போலியின் அடையாளம் அன்று, தொலைந்துபோன விருதுக்கு மாற்றாக அரசே வழங்கிய நகல் என்பதற்கான குறி.

இந்த எண்ணைக் கொண்டு விருது வழங்கப்பட்ட காலத்தைத் தோராயமாக மட்டுமே கணிக்கலாம். செந்நட்சத்திரம் 1930 ஏப்ரல் 6 அன்று ஏற்படுத்தப்பட்டது. முதலில் பெற்றவர் தளபதி வாசிலி புளூகர். அடுத்த பதினோரு ஆண்டுகளில், அதாவது ஜெர்மானியப் படையெடுப்பு வரை, சுமார் 21,500 பேருக்கே அது கிடைத்தது. போரின் நான்கு ஆண்டுகளிலோ இருபது லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. எனவே ஐந்து இலக்கங்களுக்குள் அடங்கும் சிறிய எண் என்றால் விலை உடனே ஏறும். பத்து லட்சத்தைத் தாண்டிய எண் போரின் கடைசிக் கட்டத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. ஆனால் எண் வரிசைப்படியே விருதுகள் வழங்கப்பட்டன என்று நினைத்துவிடக் கூடாது. நாணயச் சாலையிலிருந்து பெட்டி பெட்டியாகப் போர்முனைகளுக்கு அனுப்பப்பட்டவை அங்கங்கே கையிருப்பில் கிடந்து, தேவைப்பட்டபோது எடுத்து வழங்கப்பட்டன. ஒரு முனையில் 1943இல் கொடுத்த எண்ணைவிடச் சிறிய எண் இன்னொரு முனையில் அதற்குப் பின்னர் கொடுக்கப்பட்டிருப்பது சாதாரணமான செய்தி.

1942 நவம்பர் 10 அன்று வந்த ஆணை இதற்கு இன்னும் வழி செய்தது. மாஸ்கோவிலிருந்து, நாட்டின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக்குழு வழங்கிவந்த விருதுகளில் பலவற்றை வழங்கும் அதிகாரம் அந்த ஆணையால் களத் தளபதிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. ரெஜிமென்ட் தளபதி பதக்கங்களைத் தாமே வழங்கலாம். டிவிஷன் தளபதி செந்நட்சத்திரத்தை வழங்கலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்குக் கோர், ஆர்மி, போர்முனைத் தளபதிகள் என்று படிகள் உண்டு. ஆராய்ச்சியாளருக்கு இது ஏன் முக்கியம் என்றால், எந்த விருதின் ஆவணத்தை எந்த மட்டத்தின் கோப்பில் தேட வேண்டும் என்பதை இந்தப் படிவரிசைதான் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைவது இங்கேதான். செந்நட்சத்திரம் இருந்தால் அதன் பின்னே ஒரு வீரச்செயல் இருக்க வேண்டும் என்பது இல்லை. 1944 ஜூன் 4 ஆணையின்படி, பத்தாண்டுப் பணிக்குப் 'போர்ச் சேவைக்காக' பதக்கமும், பதினைந்தாண்டுக்குச் செந்நட்சத்திரமும், இருபதாண்டுக்குச் செங்கொடி ஆர்டரும், இருபத்தைந்தாண்டுக்கு லெனின் ஆர்டரும் நீண்டகாலப் பணிக்காகவே வழங்கப்பட்டன. இந்த வழக்கம் 1957 வரை நீடித்தது. ஆக, கிடங்குக் கணக்கு எழுதிய ஓர் அதிகாரியும், டாங்கியின் அடியில் கண்ணிவெடியைத் தள்ளிய ஒரு சிப்பாயும் ஒரே வகை நட்சத்திரத்தை ஒரே பக்க மார்பில் அணிந்திருக்க முடியும். போரில் அடைந்த காயங்களுக்காகப் போர் முடிந்தபின் அளிக்கப்பட்டவையும் உண்டு. ஹங்கேரியிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர்களுக்கு அளிக்கப்பட்டவையும் உண்டு. எண் முப்பத்தேழு லட்சத்தைத் தாண்டியிருந்தால் இரண்டாம் உலகப் போரை மறந்துவிடலாம். என் பார்வையில், பணிக்கால விருதைப் பெற்ற அதிகாரியின் கோப்பும் சுவையானதே. ஆனால் அதைப் போர்க்கள விருதின் விலைக்கு விற்பவரிடம் ஏமாறக் கூடாது.

எண்ணிலிருந்து மனிதரை அடைய மூன்று ஆவணங்கள் வேண்டும். முதலாவது, விருது பெற்றவரின் பதிவு அட்டை. பெயர், பிறந்த ஆண்டு, ஊர், படைப்பிரிவு, பெற்ற விருதுகள், அவற்றின் எண்கள், ஆணையின் தேதி ஆகியவை அதில் இருக்கும்; கீழே பெற்றவரின் கையொப்பமும் இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஆவணம் பொதுவாக இது ஒன்றுதான். வீரரிடம் இருந்த ஆர்டர் கையேட்டிலும் எண்கள் பதியப்பட்டிருக்கும், ஆனால் தனியாக வாங்கிய விருதுடன் அது கிடைப்பது அரிது. இரண்டாவது, ஆணை: பல பெயர்களைக் கொண்ட பட்டியல். மூன்றாவது, பரிந்துரைத் தாள். சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது இதைத்தான்.

பரிந்துரைத் தாள் ஒரு படிவம். மேலே குடும்பப்பெயர், பெயர், தந்தைவழிப் பெயர். பிறகு பதவி, பொறுப்பு, எந்த விருதுக்குப் பரிந்துரை என்ற வரி. அடுத்து எண்ணிட்ட கட்டங்கள்: பிறந்த ஆண்டு, தேசிய இனம், கட்சி உறுப்பினரா, எந்தெந்தப் போர்களில் எப்போது எங்கே பங்கேற்றார், காயங்கள் உண்டா, செஞ்சேனையில் எப்போதிலிருந்து, எந்த மாவட்ட ராணுவ அலுவலகம் அழைத்தது, முன்பு பெற்ற விருதுகள், வீட்டு முகவரி. அதன் கீழே, வீரச்செயலைச் சுருக்கமாகவும் திட்டவட்டமாகவும் எழுதச் சொல்லும் பகுதி. ஒரு ரெஜிமென்டின் எழுத்தர் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தட்டச்சு செய்ததோ பென்சிலால் எழுதியதோ அங்கே இருக்கும்: எந்தக் கிராமத்தின் வடக்கே, எந்த நாளில், எத்தனை இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கினார், எத்தனை காயம்பட்டவர்களை ஆயுதங்களோடு சுமந்துவந்தார் என்று. காயம்பட்டவர்களை ஆயுதங்களோடு மீட்டவர்களுக்கு அந்த எண்ணிக்கையைப் பொறுத்து எந்த விருது என்பதையே 1941 ஆகஸ்டில் ஓர் ஆணை வரையறுத்திருந்தது. ஆகவே செவிலியர்கள், தூக்குப்படுக்கை சுமப்பவர்கள் ஆகியோரின் தாள்களில் இந்த எண்ணிக்கை தவறாமல் வரும். மறுபக்கத்தில் மேலதிகாரிகளின் கருத்துகளும் கையொப்பங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். 'தகுதியானவர்' என்று ஒருவர் எழுத, அடுத்தவர் வேறொரு விருதின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். பதக்கங்களுக்கு இத்தனை விரிவு இருக்காது. ரெஜிமென்ட் ஆணையில் ஒருவருக்கு ஓரிரு வாக்கியங்கள் என்ற அளவில் முடிந்துவிடும்.

பரிந்துரைத்த விருதும் கிடைத்த விருதும் வேறாக இருப்பது விதிவிலக்கு அன்று. பெர்லினில் ஜெர்மானிய நாடாளுமன்றமான ரைஹ்ஸ்டாக் கட்டடத்தில் கொடியேற்றிய முதற்குழுக்களில் இருந்த கிரிகோரி புலாத்தவ், ரஹிம்ஜான் கொஷ்கர்பாயெவ் ஆகிய இருவரும் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டு, செங்கொடி ஆர்டரோடு நிறுத்தப்பட்டார்கள். 1945 ஜனவரி 30 அன்று 'வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப்' என்ற ஜெர்மானியக் கப்பலை மூழ்கடித்த நீர்மூழ்கியின் தலைவர் அலெக்சாந்தர் மரினெஸ்கோவுக்கும் அதே கதிதான். அவருக்கு வீரர் பட்டம் 1990இல், இறந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பெயரறியாத சிப்பாய்களின் தாள்களிலும் இதே கதை சிறிய அளவில் நடந்திருப்பதைக் காணலாம். ஒரே செயலுக்கு ஒருவருக்குத் 'தீரத்திற்காக' பதக்கமும் பக்கத்தில் நின்றவருக்கு ஆர்டரும் ஏன் கிடைத்தது என்பதற்குப் பல வேளைகளில் வீரத்தின் அளவு காரணமாக இருக்காது. அந்த வாரம் டிவிஷனின் கையிருப்பில் எது இருந்தது, தளபதி யார், பரிந்துரைக்கப்பட்டவரின் கோப்பில் ஏதேனும் கறை இருந்ததா என்பவை காரணமாக இருக்கும். இதனாலேயே நான் 'தீரத்திற்காக' பதக்கத்தை ஆர்டர்களுக்கு இளைத்ததாகக் கருதுவதில்லை. பணிக்கால விருதுக்கு அது பயன்படுத்தப்படவில்லை. முன்வரிசைச் சிப்பாய்கள் அதைத் தனி மதிப்புடன் பார்த்தார்கள். மேலே மூன்று விமானங்கள், கீழே ஒரு டாங்கி, நடுவே சிவப்பு எனாமல் நிரப்பிய எழுத்துகள் என்று 37 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும் அந்த எளிய வெள்ளி வில்லைக்கு, மலிவாக இருக்கும்போதே இடம் கொடுங்கள்.

1943 நவம்பர் 8 அன்று ஏற்படுத்தப்பட்ட புகழ் ஆர்டர் தனியாகப் படிக்க வேண்டிய ஒன்று. கிரெம்ளினின் ஸ்பாஸ்கி கோபுரத்தை நடுவில் கொண்ட இந்த ஆர்டர் சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும், விமானப்படையில் இளநிலை லெப்டினன்ட்களுக்கும் மட்டுமே உரியது. மூன்றாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்குப் படிப்படியாகத்தான் ஏற முடியும். மூன்றையும் பெற்றவர்கள் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேரே. அவர்களில் நால்வர் பெண்கள். மூன்றாம் வகுப்பை டிவிஷனே வழங்க முடிந்ததால், ஒரே ஆளுக்கு வெவ்வேறு பிரிவுகள் மூன்றாம் வகுப்பையே இரண்டு மூன்று முறை கொடுத்துவிட்டு, போருக்குப் பின் ஆணைகளைத் திருத்தி உயர்வகுப்பாக மாற்றிய நேர்வுகள் உண்டு. எனவே உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மூன்றாம் வகுப்பு ஆர்டரின் எண், அட்டையில் அடித்துத் திருத்தப்பட்டிருந்தால் வியக்க வேண்டியதில்லை. 1945 ஜனவரி 14 அன்று விஸ்துலா ஆற்றங்கரையில் 'காவல்' (கார்ட்ஸ்) என்ற சிறப்புப் பட்டம் பெற்ற 77ஆவது டிவிஷனைச் சேர்ந்த 215ஆவது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் நடத்திய தாக்குதலுக்காக, அதன் சிப்பாய்கள், சார்ஜென்ட்கள் அனைவருக்குமே இந்த ஆர்டர் அளிக்கப்பட்டது. அந்த ஆணையில் இடம்பெற்ற ஒருவரின் ஆர்டர் கையில் கிடைப்பது சேகரிப்பாளருக்குப் பெரும் பேறு.

தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு வருகிறேன். மூல ஆவணங்கள் மாஸ்கோவுக்குத் தெற்கே பொதோல்ஸ்க் நகரில் உள்ள பாதுகாப்பு அமைச்சகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கடற்படை ஆவணங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. போரில் இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் பற்றிய தரவுத்தளமான 'மெமோரியல்' 2007இலும், விருது ஆணைகளையும் பரிந்துரைத் தாள்களையும் ஒளிவருடி வெளியிடும் 'போத்விக் நரோதா' 2010இலும், எல்லாவற்றையும் ஒன்றிணைத்துப் போர்ப் பாதை வரைபடங்களோடு தரும் 'பாம்யத் நரோதா' 2015இலும் வந்தன. ஒரு வீரரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்று வீட்டிலிருந்தபடியே, காசு செலவில்லாமல், அவருடைய பரிந்துரைத் தாளின் படத்தைத் திறந்து படிக்கலாம். முன்பெல்லாம் இதற்காகக் காப்பகத்தின் வாசலில் காத்துக் கிடந்தவர்களிடம் கேட்டால்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் உங்கள் நிலை தலைகீழ். உங்களிடம் எண் இருக்கிறது, பெயர் இல்லை. மேற்சொன்ன தளங்கள் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், ஆணை ஆகியவற்றைக் கொண்டு தேடுவதற்காக அமைந்தவை. ஆர்டரின் வரிசை எண்ணை இட்டால் ஆளைக் காட்டும் வசதிக்காக அமைந்தவை அல்ல. எண்ணிலிருந்து பெயருக்குப் போக, காப்பகப் பதிவுகளை அணுக வாய்ப்புள்ள ரஷ்ய ஆய்வாளர் ஒருவரின் துணை வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2022இல் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதிலிருந்து பணம் அனுப்புவதே ஒரு வேலையாகிவிட்டது. முன்பணம் முழுவதையும் கேட்பவரைத் தவிருங்கள். பெயரும் ஆணை எண்ணும் கொண்ட தட்டச்சுத் தாளை மட்டும் அனுப்பினால் ஏற்காதீர்கள்; பதிவு அட்டையின் படம் வேண்டும், அதில் உங்கள் ஆர்டரின் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெயரை வைத்து நீங்களே தளத்தில் பரிந்துரைத் தாளைத் திறந்து, பிறந்த ஆண்டும் படைப்பிரிவும் அட்டையோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். இவானவ் இவான் இவானவிச் என்ற பெயரில் எத்தனையோ ஆயிரம் பேர் இருந்த படை அது.

பெயரைக் கொண்டு தேடும்போது ரஷ்ய எழுத்துகளிலேயே இட வேண்டும். உஸ்பெக், கசாக், தாத்தார், ஜார்ஜியப் பெயர்களை ரஷ்ய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார், பிறந்த ஆண்டும் ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாக இருக்கும். குடும்பப்பெயரின் முதல் சில எழுத்துகளையும் அழைத்த மாவட்ட ராணுவ அலுவலகத்தையும் சேர்த்துத் தேடுவது முழுப்பெயரை இட்டுத் தேடுவதைவிடப் பலன் தரும். ஊர்ப்பெயர்களும் மாறியிருக்கின்றன, ஸ்டாலின்கிராத் இன்று வோல்கோகிராத், அன்றைய மோலதவ் இன்றைய பெர்ம். விருது ஆணை வெளியாகியும் கைக்கு வந்து சேராத வீரர்களும் பலர் உண்டு. மருத்துவமனைக்கோ வேறு பிரிவுக்கோ போய்விட்டவர்களைத் தேடிப் போருக்குப் பின் பல ஆண்டுகள் கழித்தும் விருதுகள் வழங்கப்பட்டன. ஆகையால் ஆணையின் தேதிக்கும் எண்ணின் காலத்துக்கும் இடைவெளி இருந்தால், உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

இங்கே இந்தியத் தொடர்பு ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஈரான் வழியாகச் சோவியத் நாட்டுக்குப் போர்ப்பொருள்களை அனுப்பிய நேச நாடுகளின் பாதையில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சர்வீஸ் கோர் பிரிவினர் லாரி ஓட்டினார்கள். அவர்களில் சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் ஆகிய இருவருக்கு 1944இல் செந்நட்சத்திர ஆர்டர் வழங்கப்பட்டது. நேச நாட்டுப் படையினருக்கு அளித்த இத்தகைய விருதுகளின் ஆவணப்பாதை வேறு: செஞ்சேனையின் டிவிஷன் கோப்புகளை விட்டுவிட்டு, தலைமைக்குழுவின் ஆணைகளையும் பிரிட்டிஷ் பக்கத்துப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். இந்தியக் குடும்பம் ஒன்றின் பெட்டியிலிருந்து ஒரு செந்நட்சத்திரம் வெளிப்பட்டால், அது அறுபது எழுபதுகளில் சுற்றுலாப் பயணி வாங்கிவந்த நினைவுப்பொருள் என்று எடுத்தவுடன் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த விருதுகள் சந்தைக்கு எப்படி வந்தன என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. 1977 வரை, ஆர்டர் பெற்றவர் இறந்தால் அதை அரசிடம் திருப்பித்தர வேண்டும் என்பதே பொது விதி. 1942 மே 20 அன்று ஏற்படுத்தப்பட்ட தேசபக்தப் போர் ஆர்டர் மட்டும் குடும்பத்தின் நினைவுக்காக விடப்பட்டது. விருதுகளுக்கு மாதந்தோறும் சிறு தொகையும் கொடுத்தார்கள். செந்நட்சத்திரத்துக்குப் பதினைந்து ரூபிள், 'தீரத்திற்காக' பதக்கத்துக்குப் பத்து, 'போர்ச் சேவைக்காக' பதக்கத்துக்கு ஐந்து. 1948 தொடக்கத்தோடு அது நிறுத்தப்பட்டது. 1991இல் நாடு சிதறி, ஓய்வூதியத்தின் மதிப்பு பணவீக்கத்தில் கரைந்தபோது, முதியவர்கள் மார்பிலிருந்ததைக் கழற்றி விற்றார்கள். வணிகர்கள் ஆர்டரைத் தனியாகவும் கையேட்டைத் தனியாகவும் பிரித்து விற்றார்கள். இன்று நாம் படும் பாட்டில் பாதி, அன்று பிரித்ததை மீண்டும் சேர்க்கப் படுவதுதான். இதைவிடக் கொடியவையும் நடந்தன. 1983இல் மாஸ்கோவில் துணை அட்மிரல் கியோர்கி ஹொலோஸ்தியகோவும் அவர் மனைவியும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள்; இதழியல் மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு தம்பதி, அவருடைய விருதுகளுக்காகவே அதைச் செய்தார்கள். விலையுயர்ந்த ஆர்டர் ஒன்று எந்த வழியில் வந்தது என்று விற்பவரிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ரஷ்யாவில் இவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டத்தின் 324ஆவது பிரிவின்படி குற்றம். சோவியத் கால அரசு விருதுகளும் அதில் அடங்கும். அங்கே மருத்துவம் படிக்கும் நம் மாணவர்கள் யாரிடமாவது 'வரும்போது ஒன்று வாங்கி வா' என்று சொல்லிவிடாதீர்கள். பழைய பொருள் சந்தையில் மேசைமேல் பரப்பி வைத்திருப்பார்கள், விற்பவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். விமான நிலையத்தில் அகப்படுபவர் மாணவர்தான். உக்ரைன், பெலாருஸ் ஆகிய நாடுகளிலும் கட்டுப்பாடுகள் உண்டு. அந்நாடுகளுக்கு வெளியே, பல காலமாகப் புழக்கத்தில் இருப்பவற்றை, ரசீதோடு வாங்குவதே பாதுகாப்பான வழி.

எதை வாங்கலாம் என்றால், தொடக்கத்தில் தனி உலோகத்தைவிட ஆவணத்தோடு கூடிய எளிய தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். ஒரு 'தீரத்திற்காக' பதக்கம், அதன் எண் பதிந்த கையேடு, ஒரு நகரப் பதக்கமும் அதன் சான்றிதழும் என்று ஒரே பெயரில் அமைந்த தொகுப்பு, ஆவணமற்ற மூன்று ஆர்டர்களைவிட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். தேசபக்தப் போர் ஆர்டரை வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: வெற்றியின் நாற்பதாம் ஆண்டையொட்டி 1985இல், அப்போது உயிருடன் இருந்த முன்னாள் படையினருக்கு இது லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. போர்க்காலத்து முதல் வகுப்பில் தங்கப் பகுதி உண்டு. 1985இன் வார்ப்பு தங்கமுலாம் பூசிய வெள்ளி. விற்பனை விளம்பரங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சுவோரவ், குத்தூசவ், உஷகோவ் போன்ற, படைத் தலைவர்களுக்கென்றே அமைந்த தளபதி ஆர்டர்களையும் தங்க நட்சத்திரத்தையும் அனுபவம் கூடும்வரை தொடவே வேண்டாம். அவற்றில் போலிகள் மலிந்திருக்கின்றன. அவற்றுள் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி ஆர்டரில் உள்ள முகம் அந்த இளவரசருடையது அன்று. அவருடைய உண்மையான உருவப்படம் ஏதும் எஞ்சவில்லை என்பதால், திரையில் அவராக நடித்த நிகலாய் செர்க்காசவின் முகத்தையே ஓவியர் வைத்துவிட்டார்.

கடைசியாக, உங்கள் நட்சத்திரத்தைத் துலக்காதீர்கள். வெள்ளிப் பாலிஷ், பற்பசை, புளி என எதுவும் வேண்டாம். கறுத்த படிவை நீக்கினால் எண்ணைச் சுற்றியுள்ள பழைய பரப்பும் போய்விடும், பிறகு அது மாற்றப்படாத எண் என்று யாராலும் நிறுவ முடியாது. எனாமல் முனைகளில் மயிரிழைக் கீறல் இருந்தால் திருகுத் தட்டை இறுக்க வேண்டாம், அந்த அழுத்தத்திலேயே எனாமல் தெறிக்கும். ரப்பரோ பி.வி.சி. உறையோ படாமல், அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பின்புறத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்து, எண்ணும் நாணயச் சாலை முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி அனுப்பினால், எண் தொடப்படாததா என்பதை முதலில் பார்த்துச் சொல்கிறேன். ஆய்வாளருக்குப் பணம் அனுப்புவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.